செம்மண் கொல்லையில் சறுக்கும் டிராக்டர்: டயருக்குள் தண்ணீர் ஏற்றலாமா?

பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பழைய 45 குதிரைத்திறன் டிராக்டர் வாங்கியிருக்கிறார், டூ வீல் டிரைவ், பின் டயர் 13.6-28 (அகலம் 13.6 அங்குலம், ரிம் 28 அங்குலம்). மேட்டுக் கொல்லையில் ஒன்பது கொத்துக் கலப்பை இறக்கினால் பின்சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகர மறுக்கிறது. இரும்பு வெயிட் வாங்கப் போனால் விலை கட்டுப்படியாகவில்லை. வெளிநாட்டு வீடியோ ஒன்றில் டயருக்குள் கால்சியம் குளோரைடு கரைத்து ஏற்றுவதைப் பார்த்திருக்கிறார். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் கல்லுப்பைக் கரைத்து முழுக்க நிரப்பச் சொல்லியிருக்கிறார். கரும்புக் காலத்தில் இதே வண்டியில் டிரெய்லரும் இழுக்க வேண்டும். என்ன செய்யலாம், அண்ணா?

தம்பி, தண்ணீர் ஏற்றலாம். வெறும் தண்ணீரே போதும், உப்பும் வேண்டாம், கால்சியம் குளோரைடும் வேண்டாம். முழுக்க நிரப்பவும் கூடாது. ஆனால் குழாயைக் கையில் எடுப்பதற்கு முன்னால் ஒரு சாயங்காலத்தை உங்கள் கொல்லையில் செலவிடுங்கள். உங்கள் வண்டிக்கு எடைதான் குறையா என்று முதலில் தெரிய வேண்டும். இருபத்தைந்து வருடமாக உழவு ஓட்டுகிறேன். தண்ணீர் ஏற்றிய பிறகும் சறுக்குகிறது என்று என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேருக்கு எடை காரணமாக இருந்ததில்லை.

எந்த டிராக்டரும் கொஞ்சம் சறுக்கித்தான் இழுக்கும். சறுக்கலே இல்லாமல் உழவு கிடையாது. 100க்கு 10 முதல் 15 வரை சறுக்கினால் அது நல்ல நிலை. 20ஐத் தாண்டினால் டீசலும் டயரும் வீணாகின்றன. 8க்குக் கீழே இருந்தால் வண்டி தேவைக்கு மேல் எடை சுமக்கிறது என்று அர்த்தம். இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, அளந்துதான் சொல்ல முடியும். அளப்பதும் சுலபம். பின் டயரின் பக்கவாட்டில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். வழக்கமாக உழும் ஆழத்தில் கலப்பையை இறக்கி, வழக்கமான கியரில் ஓட்டுங்கள். கூட ஒருவர் நடந்து வந்து, கோடு தரையைத் தொடும் இடத்தில் ஒரு முளை அடிக்கட்டும். சக்கரம் சரியாக 10 சுற்று முடிந்ததும் இன்னொரு முளை. பிறகு கலப்பையைத் தூக்கிக்கொண்டு, அதே கியரில் அதே இரண்டு முளைகளுக்கு நடுவே ஓட்டி, எத்தனை சுற்று ஆகிறது என்று எண்ணுங்கள். எட்டரை சுற்று வந்தால் சறுக்கல் 100க்கு 15. ஏழரை வந்தால் 25. அந்த எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

25 வந்தாலும் உடனே தண்ணீர் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். முதலில் டயரில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று பாருங்கள். நம் பக்கம் நடக்கும் பெரிய தவறு இதுதான். டிரெய்லரில் லோடு அடிப்பதற்காகக் காற்றழுத்தத்தை 20 பி.எஸ்.ஐ.க்கு மேல் ஏற்றியிருப்பார்கள், அதோடு அப்படியே கொல்லையில் இறங்கிவிடுவார்கள். காற்று அதிகமானால் டயர் விறைத்து, நடுப்பகுதி மட்டும்தான் மண்ணைத் தொடும். உழவுக்குப் பின் டயரில் 12 முதல் 14 பி.எஸ்.ஐ. போதும். உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு அளவு போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். காற்றை இறக்கியதும் டயரின் மேல் புடைத்திருக்கும் கட்டைகள் பக்கவாட்டிலும் மண்ணில் பதியும். இதிலேயே சறுக்கல் நன்றாகக் குறைவதைப் பார்த்திருக்கிறேன், செலவு ஒரு பைசா இல்லை.

அடுத்தது டயரின் தேய்மானம். பழைய வண்டி என்கிறீர்கள். கட்டை மொழுக்கென்று தேய்ந்திருந்தால் டயருக்குள் எதை நிரப்பினாலும் அது மண்ணைப் பிடிக்காது. அப்புறம் கலப்பையைத் தூக்கி இறக்கும் லிஃப்ட். இருக்கைக்குப் பக்கத்தில் இரண்டு நெம்புகோல் இருக்கும். பலர் அதில் ஒன்றை மட்டும்தான் தொடுகிறார்கள். மற்றது டிராஃப்ட் கண்ட்ரோல். மண் கடினமான இடத்தில் கலப்பைக்கு இழுப்பு கூடும்போது அது தானாகவே கலப்பையைக் கொஞ்சம் தூக்கி, கலப்பையின் எடையில் ஒரு பங்கைப் பின்சக்கரத்தின் மேல் ஏற்றும். அதைச் சரியாக வைத்துவிட்டாலே வண்டியின் குணம் மாறிப்போகும். மண்ணின் பதத்தையும் பார்க்க வேண்டும். கோடை மழை பெய்த மறுநாளே இறங்கினால் மேல்மண் வழுக்கும், கீழே காய்ந்து கிடக்கும். இரண்டு நாள் பொறுத்தால் அதே வண்டி அதே கொல்லையில் ஒழுங்காக ஓடும்.

இதையெல்லாம் சரி செய்த பிறகும் 20க்கு மேல் காட்டினால், எடை குறைவுதான். இனி தண்ணீரைப் பற்றிப் பேசலாம்.

வீடியோவில் கால்சியம் குளோரைடு ஏன் போடுகிறார்கள்? அந்த ஊர்களில் குளிர்காலத்தில் தண்ணீர் உறைந்துவிடும். உறைந்த டயரோடு வண்டியை எடுத்தால் டியூப் கிழியும், டயரும் கெடும். உறையாமல் இருக்கத்தான் அந்த உப்பு. கூடவே, கரைசல் தண்ணீரைவிட 100க்கு 20 போல எடை கூடுதலாக இருப்பது அவர்களுக்கு இன்னொரு லாபம். நமக்கு அந்தத் தொல்லை எங்கே இருக்கிறது? தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழியில் குளிரும், பனி கொட்டும், ஆனால் டயருக்குள் இருக்கும் தண்ணீர் உறையாது. உறையாத ஊரில் உப்பு போட்டால் மிஞ்சுவது துரு மட்டும்தான். டியூப் போட்ட டயர்தானே, தண்ணீர் ரிம்மைத் தொடாதே என்று நினைக்கலாம். ஒரு முள் குத்தினால் போதும். உப்புத் தண்ணீர் டியூப்புக்கும் ரிம்முக்கும் நடுவில் தேங்கி, வெளியே தெரியாமலே ரிம்மைத் தின்னும். வால்வு வெளியே வரும் துளையைச் சுற்றித்தான் முதலில் அரிக்கும். கல்லுப்பும் இதே வேலையைத்தான் செய்யும். அந்தத் தண்ணீர் கொட்டிய இடத்தில் பயிரும் கருகும். மாந்தோப்புக்குள் உழப் போகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். இன்னும் சிலர் ரேடியேட்டர் கூலண்ட் ஊற்றச் சொல்வார்கள். அதில் பெரும்பாலும் இருப்பது எத்திலீன் கிளைகால். இனிப்பாக இருக்கும், ஆடும் நாயும் நக்கினால் செத்துப்போகும். வேண்டவே வேண்டாம்.

எந்தத் தண்ணீர் என்பதும் நம் மாவட்டத்தில் கேட்க வேண்டிய கேள்விதான். தர்மபுரி போர்வெல் தண்ணீர் என்றாலே ஃப்ளோரைடு நினைவுக்கு வரும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். டயரைப் பொறுத்தவரை ஃப்ளோரைடு ஒரு பிரச்சினை இல்லை. கவனிக்க வேண்டியது உவர்ப்பும் மணலும். வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும் தண்ணீராக இருந்தால், உப்பு போட வேண்டாம் என்று மேலே சொன்ன காரணம் இதற்கும் கொஞ்சம் பொருந்தும். பண்ணைக்குட்டைத் தண்ணீரோ மழைத் தண்ணீரோ கிடைத்தால் அதைத் தெளியவைத்து, துணியில் வடிகட்டி எடுங்கள். ஒரு மணல் துகள் வால்வு பின்னில் (வால்வுக்குள் இருக்கும் ஊசி) உட்கார்ந்தாலும் காற்று நிற்காது.

அளவு முக்கால்தான். வால்வை உச்சிக்குக் கொண்டுவந்து, வால்வு வழியே தண்ணீர் வழியும் வரை நிரப்பினால் அது முக்கால் ஆகிவிடும், தனியாக அளக்க வேண்டியதில்லை. 13.6-28 டயருக்கு ஏறக்குறைய 150 லிட்டர் பிடிக்கும். நம் வீட்டுக் குடத்தில் பத்துக் குடம். இரண்டு டயருக்கும் சேர்த்து 300 கிலோ. 14.9-28 என்றால் ஒரு டயருக்கு 185 லிட்டர் போல வரும், சின்ன 12.4-28க்கு 120. எடுத்த உடனே முக்கால் வரை போக வேண்டும் என்றும் இல்லை. உங்கள் சறுக்கல் 20, 22 என்று இருந்தால் டயருக்கு ஐந்து குடத்தில் ஆரம்பியுங்கள், இரண்டு டயருக்கும் ஒரே அளவு. ஏற்றும் எடை முழுவதும் இழுவையாக மாறாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். உழவு மண்ணில் அதில் பாதியோ அதற்கும் குறைவாகவோதான் கிடைக்கும். 300 கிலோ ஏற்றினால் 120, 150 கிலோ அளவுக்கு இழுப்பு கூடும்.

முழுக்க நிரப்பினால் என்ன? தண்ணீரை அமுக்க முடியாது, காற்றைத்தான் அமுக்க முடியும். கல்லில் ஏறும்போது டயர் உள்வாங்கிக் கொடுப்பது உள்ளே இருக்கும் காற்றினால்தான். நம் கொல்லைகளில் கல்லுக்குப் பஞ்சமா? கால் பங்குக் காற்றுகூட இல்லாத டயர் பாறை முனையில் ஏறினால் அந்த அடி முழுவதும் டயரின் நூலுக்குள் இறங்கும். ஓட்டுகிறவரின் இடுப்புக்கும் போகும்.

வெயிட்டைப் பற்றி ஒரு வார்த்தை. இரும்பு வெயிட்டை வேண்டும்போது மாட்டலாம், வேண்டாதபோது கழற்றலாம். பணம் இருந்தால் அதுதான் வசதி, நான் மறுக்கவில்லை. தண்ணீரின் பெரிய குறை, ஏற்ற அரை நாள், இறக்க அரை நாள் என்பதுதான். ஆனால் சக்கரத்தில் மாட்டும் வெயிட்டைப் போலவே அதன் எடையும் நேராக டயரின் வழியே தரையில் உட்காருகிறது, அச்சின் மேல் ஏறுவதில்லை. மேட்டுக் கொல்லையே அதிகம் இருந்து, வருடத்தில் பெரும்பாலும் உழவே ஓட்டுகிறவருக்குத் தண்ணீரே சரி.

ஏற்றும் முறைக்கு வருகிறேன். சமதரையில் வண்டியை நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கல் வையுங்கள். கியரில் போட்டிருக்கிறேன் என்று நம்ப வேண்டாம். ஒரு பின்சக்கரத்தைத் தூக்கிய பிறகு இரண்டு பின்சக்கரத்தையும் இணைக்கும் டிஃபரன்ஷியல் வழியாக மற்றச் சக்கரம் உருளலாம். அச்சு உறைக்குக் கீழே ஜாக்கி கொடுத்து, டயர் தரையை விட்டுக் கிளம்பும் அளவுக்குத் தூக்கி, கீழே நல்ல புளியங்கட்டைகளை அடுக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி எந்த வேலையும் செய்யக் கூடாது. தூக்காமல் காற்றை இறக்கினால் வண்டியின் எடையில் டயர் ரிம்மை விட்டு விலகி, டியூப் நசுங்கும். சக்கரத்தைச் சுற்றி வால்வை உச்சிக்குக் கொண்டுவாருங்கள். வால்வு பின்னைக் கழற்றிக் காற்று முழுவதும் போன பிறகு, பின்னைச் சுற்றி இருக்கும் பெரிய திருகு உறையையும் கழற்றுங்கள். டிராக்டர் டியூப்பின் வால்வு அப்படிக் கழற்றுவதற்கென்றே செய்யப்பட்டிருக்கும். முகத்தை வால்வுக்கு நேரே நீட்டாதீர்கள்.

இப்போது குழாய். காற்று வெளியேற ஒரு சிறு பொத்தான் வைத்த தண்ணீர் அடாப்டர் கடைகளில் கிடைக்கிறது. அது இருந்தால் தண்ணீர் போகப் போக, அவ்வப்போது பொத்தானை அமுக்கிக் காற்றை விடலாம். இல்லாவிட்டால் கொஞ்ச நேரம் தண்ணீர் விட்டு, குழாயை எடுத்துக் காற்றை விட்டு, மறுபடி தண்ணீர் விட வேண்டும். மெதுவாக நடக்கும், ஆனால் நடக்கும். மொட்டை மாடியில் இருக்கும் தொட்டியிலிருந்து குழாய் இழுத்தாலே போதும். 10 அடி உயரத்துக்கு 4 பி.எஸ்.ஐ.க்குச் சற்று மேல் அழுத்தம் வரும், டியூப் நிரம்ப அது தாராளம். மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயரை மாட்டி அவசரப்படுத்த வேண்டாம். அதன் அழுத்தம் டயருக்கு ஆகாது. உச்சி வால்வில் தண்ணீர் வழிந்ததும் நிறுத்தி, உறையையும் பின்னையும் பூட்டி, காற்று அடியுங்கள். குறைவாக ஏற்றுகிறவர்கள் குடத்தை எண்ணித் தொட்டியில் ஊற்றிக்கொண்டால் கணக்குத் தவறாது.

காற்றை அளக்கும்போது ஒரு நுணுக்கம் உண்டு. வால்வு உச்சியில் இருக்கும்போதே அளக்க வேண்டும். அடியில் இருக்கும்போது அளந்தால் மேலே நிற்கும் தண்ணீரின் பாரமும் சேர்ந்து காட்டும். 28 அங்குல ரிம்மில் அது ஏறக்குறைய 1 பி.எஸ்.ஐ. கார் டயருக்கு ஒன்று பெரிதில்லை. 12 வைக்க வேண்டிய இடத்தில் ஒன்று பெரிது. உள்ளே காற்று கால் பங்குதான் இருப்பதால், சின்னக் கசிவு இருந்தாலும் அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும். அதனால் தண்ணீர் ஏற்றிய டயரை வாரம் ஒருமுறை பாருங்கள். அளந்து முடித்ததும் மீட்டரை உதறித் துடைத்து வையுங்கள், உள்ளே ஈரம் போனால் கெட்டுவிடும்.

இனி சொல்வதைக் கவனமாகப் படியுங்கள், இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன். சறுக்கல் டீசலைத் தின்னும், ஆனால் ஆபத்து நேரத்தில் ஆளைக் காப்பதும் அதுதான். தாங்க முடியாத பாரம் பின்னால் மாட்டினால், எடை குறைந்த வண்டியின் பின்சக்கரம் சும்மா சுற்றும், அதோடு முடிந்தது. தண்ணீர் ஏற்றிய சக்கரம் சுற்றாது, மண்ணைப் பிடிக்கும். பிடித்த சக்கரத்தைச் சுற்ற முடியாத எஞ்சின், வண்டியின் முன்பகுதியைத் தூக்கும். எங்கள் ஊரில் ஒரு புளியமர வேரை இழுக்கச் சங்கிலியை உயரத்தில், கலப்பையின் மேல் கம்பியான டாப் லிங்க் மாட்டும் இடத்தில் கட்டினார்கள். டயரில் முக்கால் தண்ணீர். கிளட்சை விட்டதும் முன்சக்கரம் இரண்டும் ஆள் உயரத்துக்குக் கிளம்பின. ஓட்டியவர் அந்தக் கணத்தில் கிளட்சை மிதித்ததால் வண்டி தொப்பென்று இறங்கியது, ஆள் தப்பினார். பின்னால் கவிழ ஒன்றிரண்டு நொடி போதும், யோசிக்க நேரம் கிடைக்காது. எதை இழுத்தாலும் வண்டியின் பின்னால் கீழே இருக்கும் இழுவைக் கம்பியான டிராபாரில், தாழ்வாக மாட்டுங்கள். அச்சுக்கு மேலே உள்ள எந்த இடத்திலும் கட்டக் கூடாது.

கரும்பு டிரெய்லர் கேட்டிருந்தீர்கள். பாலக்கோடு கூட்டுறவு ஆலைக்குப் போகிற வண்டிகள் ஏற்றத்தில் முன்சக்கரம் ஆட ஆடப் போவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். பாரம் முழுக்கப் பின்கொக்கியில் உட்கார்ந்திருக்கும். பின் டயரில் ஏற்றும் தண்ணீர் அங்கே முன்பக்கத்தைத் தாழ்த்தாது. அதற்கு முன் பம்பரில் வெயிட் வேண்டும். கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் ஆலை, கிரானைட் என்று எங்கே பார்த்தாலும் எடைமேடை இருக்கிறது. ஒருநாள் வண்டியைக் கொண்டுபோய் முழு எடை ஒன்று, முன்சக்கரம் மட்டும் மேடையில் நிற்க ஒன்று எடை போட்டுப் பாருங்கள். கருவி இல்லாமல் நிற்கும்போது மொத்த எடையில் 100க்கு 25 முதல் 35 வரை முன்னால் இருக்க வேண்டும். பின்னால் கலப்பை தொங்கும்போதும் டிரெய்லர் மாட்டியிருக்கும்போதும் வண்டியின் எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன்னால் நிற்காவிட்டால் ஸ்டியரிங் உங்கள் சொல்லைக் கேட்காது. தொப்பூர் போன்ற இறக்கத்தில் இது உயிர்ப் பிரச்சினை. தண்ணீரின் எடையையும் சேர்த்துத்தான் பிரேக் நிறுத்த வேண்டும், அதனால் ரோட்டில் வேகத்தைக் குறைத்தே ஓட்டுங்கள். கரும்பு சீசன் முழுக்க ரோட்டில்தான் ஓடப் போகிறது என்றால் தண்ணீரை இறக்கிவிடுவது நல்லது.

கிருஷ்ணகிரி அணைப் பாசனக் கழனியில் சேற்றுழவுக்குப் போகிறவர்களும் இறக்கிவிட வேண்டும். அங்கே எடை எதிரி, வண்டி புதையும். கேஜ் வீல் என்கிற இரும்புக் கூண்டுச் சக்கரத்தை மாட்டுங்கள், அதுதான் அந்த வேலைக்கு உரியது. மேட்டுக் கொல்லையிலும் எடைக்கு ஒரு விலை உண்டு. ஈரத்தில் கனமான வண்டியைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் அடிமண் இறுகி, மழைத் தண்ணீர் கீழே இறங்காது, நிலக்கடலை வேரும் இறங்காது. அப்படி இறுகிப்போன கொல்லை இருந்தால் உளிக் கலப்பை ஒருமுறை போடுங்கள். வேளாண் பொறியியல் துறையில் கருவிகளை வாடகைக்குக் கொடுக்கிறார்கள், போய்க் கேட்டுப் பாருங்கள்.

ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்குக் கணக்கு வேறு, முன்னால் 100க்கு 35, 40 வரை எடை வேண்டும். ரேடியல் டயராக இருந்தால் தண்ணீரை 100க்கு 40க்கு மேல் நிரப்பக் கூடாது, முக்கால் நிரப்பினால் அதன் பக்கவாட்டின் நெகிழ்வு போய்விடும்.

இறக்குவதும் எளிதுதான். வால்வை அடிக்குக் கொண்டுவந்து திருகு உறையைக் கழற்றினால் தண்ணீர் கொட்டும், ஆனால் கால் பங்கு ரிம்முக்குக் கீழே உள்ளேயே நிற்கும். மெல்லிய குழாயை உள்ளே விட்டு, பக்கத்தில் காற்றைச் செலுத்தினால் மீதியும் அந்தக் குழாய் வழியே வெளியே வரும்.

தண்ணீர் இருக்கும் வரை ரிம்மில் பெயிண்டால் பெரிதாகத் 'தண்ணீர்' என்று எழுதி வையுங்கள். எழுதாமல் விட்டு ஒரு முறை நானே தவறு செய்திருக்கிறேன். முள் குத்திய சக்கரத்தைக் கழற்ற வந்த பஞ்சர் கடைப் பையனிடம் சொல்ல மறந்துவிட்டேன். சாதாரணச் சக்கரம் என்று நினைத்துத் தனியாளாகச் சாய்த்தான். தண்ணீரோடு அது கால் டன்னுக்கு மேல். காலை இழுத்துக்கொண்டதால் பிழைத்தான். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது. கழற்றுவதற்கு முன் தண்ணீரை இறக்குங்கள், முடியாவிட்டால் நான்கு பேரை வைத்துக்கொள்ளுங்கள். டயர் மாட்டியிருக்கும்போது ரிம்மில் வெல்டிங் வைக்க யாரையும் விடாதீர்கள். உள்ளே தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சூட்டில் டயர் வெடிக்கும்.

ஏற்றி முடித்ததும், அதே பதத்தில், அதே ஆழத்தில், அதே கியரில் மறுபடி 10 சுற்று ஓட்டிப் பாருங்கள். சுவரில் எழுதிய எண்ணோடு ஒப்பிடுங்கள். 10க்கும் 15க்கும் நடுவில் வந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். 8க்குக் கீழே போய்விட்டால் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு குடம் இறக்கிவிட்டு இன்னொரு முறை ஓட்டுங்கள். அதுவரை அந்த முளைகள் கொல்லையிலேயே இருக்கட்டும்.